மேடு ஏறும்போது கார் இழுக்க மறுக்கிறது, அணைத்துக் கிளப்பினால் சரியாகிவிடுகிறது, சர்வீஸ் சென்டரில் "பழுது ஒன்றும் இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இரண்டு மாதம் அனுபவித்தேன். என்னுடையது டர்போ டீசல் வண்டி (டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் பாகம்). மூன்றாவது கியரில் மேட்டில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால், என்ஜின் வேகம் காட்டும் முள் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டும் இடத்தில் சட்டென்று தளர்ந்துவிடும். செக் என்ஜின் விளக்கு எரியும். ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி கிளப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். பின்னால் லாரி நெருங்கி வரும்போது இப்படி ஆனால் வயிறு கலங்கிவிடும். அதனால்தான் "ஓடத்தான் செய்கிறதே" என்று நீங்கள் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

அணைத்துக் கிளப்பினால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பெரிய துப்பு. காற்றழுத்தமோ எரிபொருள் அழுத்தமோ தான் கேட்ட அளவுக்கு வராவிட்டால், என்ஜினைக் காப்பாற்ற வண்டியின் கணினி சக்தியைக் குறைத்துவிடும். இதை லிம்ப் மோடு என்பார்கள். அணைத்துக் கிளப்பும்போது கணினி புதிதாகக் கணக்கைத் தொடங்குகிறது. பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது. சர்வீஸ் சென்டர் வாசலில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

முதல் முறை என்னிடம், "எரர் கோடை அழித்துவிட்டோம் சார், வண்டியில் ஒன்றும் இல்லை" என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். எரர் கோடு என்பது பழுதுக்குக் கணினி இடும் குறியீடு; அது பதிவாகும் அந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்றில் இருந்தது, வேகம் என்ன, சுமை எவ்வளவு, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கணினி சேர்த்தே எழுதி வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். கோடையும் அந்தப் பதிவையும் அச்செடுத்துத் தந்த பிறகே அழிக்க வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் முறை டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். அதில் தவறு சொல்லமாட்டேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் வண்டி இழுக்காது. ஆனால் மறுநாளே அதே மேட்டில் அதே இடத்தில் நின்றேன்.

மூன்றாம் முறை பி0299 என்ற கோடு வந்தது. உடனே டர்போவையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டார்கள். அந்தக் கோடு சொல்வதெல்லாம், டர்போ அழுத்தம் வேண்டிய அளவுக்கு வரவில்லை என்பது மட்டும்தான். கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், வெடித்த வேக்குவம் குழாய், கரி பிடித்து இறுகிய டர்போ இறக்கைகள், தவறாகக் காட்டும் சென்சார் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். "டர்போதான் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேட்டேன். புகாரை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர், எரர் கோடைப் படிக்கும் ஸ்கேனர் கருவியின் தாளையே மறுபடி காட்டினார்.

நான் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடவில்லை. மூத்த மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு என்னுடன் வர வேண்டும் என்று கேட்டேன். வந்தார். மேட்டில் ஏறும்போது திரையில் இரண்டு வரைபடக் கோடுகள்: கணினி கேட்கும் அழுத்தம் ஒன்று, உண்மையில் கிடைக்கும் அழுத்தம் ஒன்று. 2,000 சுற்று வரை ஒட்டியே போயின. அதன்பின் முதல் கோடு ஏற, இரண்டாவது படுத்தே கிடந்தது. திரும்பி வந்ததும் அவர் காற்றுப் பாதையை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தார். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. கழற்றி என் கையில் கொடுத்தார். வளைத்தால் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளவு வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. சுற்றிலும் எண்ணெய் கலந்த கரிய பிசுக்கு. ஹோஸை மாற்றியதோடு எல்லாம் தீர்ந்தது. டர்போ இன்னும் பழையதுதான்.

ஆகவே உங்கள் அட்வைசரிடம் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவர் வண்டியைத் தொட்டவர்கூட அல்ல. வேலைப் பதிவுச் சீட்டான ஜாப் கார்டில் அவர் "பிக்கப் குறைவு" என்று இரண்டு சொல்லில் முடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். எந்த கியர், எத்தனை சுற்று, என்ஜின் சூடான பிறகா, மேட்டிலா சமவெளியிலா என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டின் நகலை வாங்கி வையுங்கள். வாரண்டி முடிவதற்குள் புகார் செய்தீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டி பெட்ரோலா டீசலா என்று எழுதவில்லை. பெட்ரோல் என்றால், தீப்பொறி தரும் இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அந்த நிலையில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும். டீசல் என்றால் புகையைக் கவனியுங்கள். இழுக்காமல் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் தளர்ந்தால் டீசல் போதாமலிருக்கலாம். ஆனால் புகை வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில் கரும்புகை வெளியே தெரியாது. அப்படியானால் கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டிப் போகும் சாலையில் மிதித்துப் பாருங்கள். ஹோஸ் கிழிந்திருந்தால் உஸ்ஸென்ற சீறல் சுவரில் மோதித் திரும்பிவரும். எனக்கு அது முதல் வாரத்திலேயே கேட்டது. காற்றுச் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.