கருமணல் தரையும் பேறுகாலமும்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான மிடாலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "கடற்கரைக் கருமணலைக் கொட்டித்தான் வீட்டுத் தரையை உயர்த்தினோம். மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். கதிர்வீச்சு மரபணுவை உடைக்குமாமே, பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? வைட்டமின் மாத்திரை தடுக்குமா?"

உடைக்கும், உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கருமணலோடு கலந்திருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது சிதையச் சிதைய உண்டாகும் வழித்தோன்றல் தனிமங்கள் விடும் காமா கதிர் உடலுக்குள் புகுந்து, பெரும்பாலும் செல்லில் இருக்கும் தண்ணீரைத்தான் தாக்குகிறது. தண்ணீர் மூலக்கூறு எலக்ட்ரானை இழந்து, ஹைட்ராக்சில் என்ற துடுக்குத் துண்டு பிறக்கிறது. ஆயுள் சில நானோநொடிதான். அதற்குள் பக்கத்து டிஎன்ஏவின் (மரபணுக்கள் அடங்கிய இரட்டை இழை) சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கினால் இழை அறும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒட்டினால் அது 8-ஆக்சோகுவானின் என்ற பழுதான எழுத்து ஆகும். பிரதி எடுக்கையில் எதிரே சைட்டோசின் என்ற சரியான எழுத்துக்குப் பதில் அடினின் என்ற தவறான எழுத்து வந்து உட்காரலாம். ஓர் இழை மட்டும் அறுந்தால் மற்றதைப் பார்த்துச் செல்லே சரிசெய்துவிடும். இரண்டும் அருகருகே அறுந்தால்தான் தப்பாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து.

1 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு, அதாவது 1,000 மில்லிகிரே) காமா ஒரு செல்லில் இப்படி இரண்டு இழையும் அறும் இரட்டை முறிவுகளைச் சுமார் 40 உண்டாக்கும். இதே மணல் கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் வெளிப்புற அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரே அளவில் இருக்கிறது. சில இடங்களில் 70 வரை போகும். 4 என்றால், ஆறு செல்லுக்கு ஒரு முறிவு, அதுவும் ஓராண்டு முழுவதற்கும். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வந்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் கேரளக் கரையில் நடந்த 2002 ஆய்வொன்று மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏவில் மாற்றங்கள் கூடியிருப்பதைக் கண்டது. அதனால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கருவில் ஊனம் 100 மில்லிகிரேக்குக் கீழே கூடியதாகத் தெரியவில்லை. சில மாதம் அம்மா வீட்டில் இருப்பதால் அந்த அளவு வராது. மகள் தாராளமாக இருக்கட்டும்.

வைட்டமின் இதற்கு உதவாது. நானோநொடியில் முடிகிற வேலையை மாத்திரை எங்கே போய்ப் பிடிக்கும்? டாக்டர் தந்த ஃபோலிக் அமிலமும் இரும்புச்சத்தும் வேறு காரணத்துக்கு. அவற்றை நிறுத்த வேண்டாம்.

வெறும் மண் தரையாக இருந்தால் கான்கிரீட் போடுங்கள். தோரியத்திலிருந்து பிறந்து மணலிலிருந்து கசியும் கதிரியக்க வாயு தோரான். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பெரும்பகுதி கான்கிரீட்டைத் தாண்டுமுன்பே சிதைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூச்சு வேலைக்கு அந்த மணலை எடுக்காதீர்கள். அப்புறம், யாராவது மகளுக்கு வயிற்று சிடி ஸ்கேன் எழுதினால் கர்ப்பம் என்பதை முதலில் சொல்லுங்கள். அது ஒன்றே 10 மில்லிகிரேக்கு மேல் போகலாம்.