நிறுத்தி ஓட்டினால் ஸ்லைடும் கோடும் ஏன் பிரிகின்றன?

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். எங்கள் இணையதள முகப்பில் ஆடித் தள்ளுபடி விவரம் 5 ஸ்லைடுகளாக, 6 வினாடிக்கு ஒன்றாக மாறும். எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்ட அடியில் ஒரு கோடு நீளும். விலையை நிதானமாகப் படிக்கட்டும் என்று நிறுத்தும் பட்டன் வைத்தோம். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால், கோடு முடிந்த பிறகும் ஸ்லைடு மாறாமல் நிற்கிறது. சில சமயம் இரண்டு ஸ்லைடு சேர்ந்து தாவிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. கோட்டை ஓட்டுவது சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) அனிமேஷன். ஸ்லைடை மாற்றுவது ஜாவாஸ்கிரிப்டின் (பக்கத்தை இயக்கும் நிரல்மொழி) செட்இன்டர்வல், அதாவது குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் டைமர்.

ஒருவர் நான்காவது வினாடியில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். சிஎஸ்எஸ்ஸில் 'அனிமேஷன்-ப்ளே-ஸ்டேட்' என்ற அமைப்பை 'பாஸ்டு' ஆக்கினால் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். 'ரன்னிங்' ஆக்கினால் மிச்சமுள்ள 2 வினாடியை ஓடி முடிக்கும். செட்இன்டர்வலுக்கு அந்த ஞாபகமே கிடையாது. அதை நிறுத்தப் பயன்படுவது கிளியர்இன்டர்வல் கட்டளை. மறுபடி தொடங்கினால் முழு 6 வினாடியையும் முதலிலிருந்து எண்ணும். ஆகவே கோடு முடிந்து 4 வினாடி கழித்துத்தான் ஸ்லைடு மாறும். ஓட்டும் பட்டனை யாராவது இரண்டு தடவை தட்டினால் இரண்டு இன்டர்வல் உருவாகும். ஒவ்வொரு இன்டர்வலையும் நிறுத்த அதன் அடையாள எண் வேண்டும்; இரண்டாவதின் எண் முதலாவதின் எண்ணை அழித்துவிடுவதால், பழையதை நிறுத்த வழியில்லாமல் அது பாட்டுக்கு ஓடும். தாவல் அதனால்தான்.

மிச்ச நேரத்தைக் கணக்கிட்டு செட்டைம்அவுட் (ஒரே ஒரு முறை அடிக்கும் டைமர்) வைப்பது ஒரு ஒட்டு வேலை. நிறுத்தும்போது 'பெர்ஃபார்மன்ஸ் நவ்' காட்டும் நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, அதை மிச்சத்திலிருந்து குறைக்க வேண்டும். போனின் கடிகார நேரத்தைத் தரும் 'டேட் நவ்' வேண்டாம். போனின் நேரம் திருத்தப்பட்டால் கணக்கு கெடும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கடிகாரம் இரண்டுதான் இருக்கும். ஒன்றைத் தூக்கிவிடுவதே நல்லது.

செட்இன்டர்வலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கோட்டின் மீது ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே அனிமேஷனை ஓட்டும் 'அனிமேட்' முறையை ஒரே ஒருமுறை அழையுங்கள்: 'ஸ்கேல்எக்ஸ்' (கிடைமட்ட நீட்சி) 0-இலிருந்து 1 வரை, கால அளவு 6000 மில்லிவினாடி, வேகம் 'லீனியர்' (ஒரே சீராக). அகலத்தை மாற்றுவதைவிட இது விலை குறைந்த போனிலும் தடங்கலில்லாமல் ஓடும். 'டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின்' இடதுபக்கம் என்று வைக்க மறந்தால் கோடு நடுவிலிருந்து இருபுறமும் விரியும். அந்த முறை திருப்பித் தரும் பொருளை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த அதன் 'பாஸ்', தொடர 'ப்ளே'. அனிமேஷன் முடிந்ததைச் சொல்லும் 'ஆன்ஃபினிஷ்' வரும்போது அடுத்த ஸ்லைடைக் காட்டி 'ப்ளே' கொடுங்கள். முடிந்துபோன அனிமேஷன் தானே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது 'ப்ளே' பத்து தடவை வந்தாலும் ஒன்றும் ஆகாது. அம்புக்குறியைத் தட்டி ஸ்லைடு மாற்றினால் அந்தப் பொருளின் 'கரன்ட்டைம்' (இதுவரை ஓடிய நேரம்) மதிப்பை 0 ஆக்கினால் போதும். நிறுத்தியிருந்தால் நின்றபடியே இருக்கும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் புதிதாக 'அனிமேட்' அழைப்பதுதான் பலர் செய்வது. பழையதை 'கேன்சல்' செய்யாவிட்டால் அதன் 'ஆன்ஃபினிஷ்' பின்னால் வந்து மறுபடி தாவ வைக்கும்.

அடுத்தது, பலர் கவனிக்காதது. தண்டையார்பேட்டை சிக்னலில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் உங்கள் பக்கத்தைத் திறந்தபடியே வாட்ஸ்அப் பார்க்கப் போய்விடுவார். பின்னணிக்குப் போன பக்கத்தில் டைமர்களை உலாவி மெதுவாக்கும். குரோமில் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்குக்கூட இறங்கலாம். அனிமேஷனின் நேரமோ நகர்ந்துகொண்டே இருக்கும். 'விசிபிலிட்டிசேஞ்ச்' நிகழ்வில், பக்கம் மறைந்தால் நிறுத்துங்கள், திரும்பினால் ஓட்டுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது. அவர் ஏற்கெனவே பட்டனைத் தட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். 'பட்டன்', 'மறைவு' என்று நிறுத்தியதற்கான காரணங்களை ஒரு 'செட்'டில் (ஜாவாஸ்கிரிப்டில் ஒரே மதிப்பு இரண்டு முறை சேராத பட்டியல்) போட்டு வையுங்கள். காரணம் தீர்ந்தால் எடுங்கள்; செட் காலியானால் மட்டும் 'ப்ளே'. 'ஆன்ஃபினிஷ்' உள்ளேயும் இதே சோதனை வேண்டும்.

பட்டனுக்குப் பதில் 'ஹோவர்' (மவுசை மேலே கொண்டுபோவது) வைத்து நிறுத்தலாமா என்றால், கூடாது. விரலால் தொட்ட பிறகு வேறெங்காவது தட்டும்வரை பல போன்களில் ஹோவர் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்லைடு செத்ததுபோல் நிற்கும். மவுசுக்குக் கூடுதலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை மட்டும் எடுத்துவிடாதீர்கள்: தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் மற்ற விவரங்களோடு சேர்ந்து அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது எல்லோரும் இணையதளத்தைப் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யுசிஏஜி தரநிலையின் 2.2.2 விதி, அதுவும் அடிப்படை 'ஏ' நிலையிலேயே.

கோடு அனிமேஷனாக இல்லாமல் 'டிரான்சிஷன்' (ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் சிஎஸ்எஸ் மாற்றம்) ஆக இருந்தால் ப்ளே-ஸ்டேட் அதைத் தொடவே தொடாது. நிறுத்தும்போது 'டிஸ்ப்ளே நன்' கொடுத்து மறைத்தால் சிஎஸ்எஸ் அனிமேஷன் முதலிலிருந்துதான் ஓடும்.

மாற்றியதும் சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சோதியுங்கள். நான்காவது வினாடியில் நிறுத்தி, ஓட்டும் பட்டனை வேகமாகப் பலமுறை தட்டுங்கள். 2 வினாடியில் ஒரே ஒரு ஸ்லைடுதான் மாற வேண்டும். மறுபடி நிறுத்தி, திரையைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் கோடு விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அங்கே ஓடத் தொடங்கினால், செட்டில் 'பட்டன்' காரணம் பதிவாகவில்லை என்று பொருள்.