தொட்டிச் செடியும் தட்டுத் தண்ணீரும்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குள் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் தரையெல்லாம் சேறு. ஓட்டை இல்லாத தொட்டிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தண்ணீர் வடிய வடியத்தான் மேலிருந்து மண்ணுக்குள் காற்று இறங்கும். வேருக்கு அந்தக் காற்று வேண்டும். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை ஓட்டையில்லாத அழகுத் தொட்டிக்குள் இறக்குங்கள். ஊற்றும் நாளில் உள்தொட்டியை மட்டும் குளியலறைக்குத் தூக்கிப்போய், அடியில் வழியும்வரை ஊற்றி, சொட்டு நின்றதும் திரும்ப வையுங்கள். ஓட்டையின் மேல் ஒரு துண்டு கொசுவலை போட்டால் மண் கரைந்து வராது.

கேள்வி: அடியில் கூழாங்கல் பரப்பினால் நன்றாக வடியும்தானே?

பதில்: வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. கல்லுக்கு மேலுள்ள மண் முழுக்க ஊறிய பிறகே சொட்டும். ஊறிய அந்த அடுக்கு எந்தத் தொட்டியிலும் அடியில் இருக்கத்தான் செய்யும். கல் போட்டால் அது வேருக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்கிறது.

கேள்வி: நான் பல வருடமாகக் கல் போட்டுத்தான் வளர்க்கிறேன். ஒரு செடியும் அழுகவில்லையே?

பதில்: நீங்கள் அளவறிந்து ஊற்றுகிறீர்கள், அதனால் பிழைத்திருக்கின்றன. ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, கல்லின் மேல் படுக்கையாக வையுங்கள். சொட்டு நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் வடியும். உயரம் கூடினால் வடிகிறது, கல்லால் இல்லை. கல் போட்டு மண்ணின் உயரத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது?

பதில்: நாள் கணக்கு பார்க்காதீர்கள். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் காத்திருங்கள். ஊற்றியதும் ஒருமுறை, காய்ந்ததும் ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கொஞ்ச நாளில் கனமே சொல்லிவிடும்.

கேள்வி: ஊற்றிய உடனே அத்தனையும் தட்டுக்கு வந்துவிடுகிறது, செடியோ வாடுகிறது.

பதில்: தென்னை நார்க்கழிவுக் கலவை அடியோடு காய்ந்து சுருங்கி, தொட்டிச் சுவரோரம் இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடுகிறது. வாளித் தண்ணீரில் தொட்டியை அரைமணி நேரம் வைத்து ஊறவிடுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை போதுமா?

பதில்: விரல், கனம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் போகிறோம்.

பதில்: திரி வையுங்கள். நைலான் கயிற்றை நனைத்து, ஒரு முனையை ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகி, மறுமுனையைக் கீழே மூடி போட்ட டப்பாத் தண்ணீரில் விடுங்கள். பருத்தித் திரி மக்கிவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்துச் சோதியுங்கள். தொடர்ந்து கீழிருந்தே நீர் கொடுத்தால் மண் மேல் வெள்ளையாக உப்பு படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து தாராளமாக ஊற்றி அலசிவிடுங்கள்.

கேள்வி: தட்டில் நிற்கும் தண்ணீரைச் செடி உறிஞ்சிக்கொள்ளாதா? தினமும் யார் கொட்டுவது?

பதில்: அரைமணிக்கு மேல் நிற்கவே விடாதீர்கள். வேர் அழுகுவது ஒருபக்கம் இருக்கட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்பை ஒட்டி முட்டையிடும். தட்டு காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை விளிம்பை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: மண் ஈரமாக இருந்தும் இலை தொங்குகிறது. இன்னும் ஊற்றவா?

பதில்: நிறுத்துங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று இருப்பதை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள்.

கேள்வி: கூழாங்கல் ஆள்தான். ஸ்பாஞ்சை நிறுத்திப் பார்த்தேன், வடிந்தது. ஆறு தொட்டியையும் பிரித்துவிடவா?

பதில்: செய்து பார்த்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். செழிப்பாக இருக்கும் செடியைக் கலைக்க வேண்டாம். அடுத்து தொட்டி மாற்றும்போது கல்லை எடுத்துவிட்டு, அடிவரை ஒரே கலவையாக நிரப்புங்கள். அதுவரை தட்டைக் கொட்டிக்கொண்டே இருங்கள்.