அடைக்கோழியை எந்த மூலையில் வைப்பது?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் நாட்டுக்கோழி சில நாளாகத் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கேறுகிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே வை என்கிறார் கணவர். மாமியார் பரண்மேல் வைக்கச் சொல்கிறார். காசிமேட்டிலிருந்து தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். 14 முட்டை சேர்ந்திருக்கிறது. எங்கே அடை வைக்கலாம்?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மாடி வேண்டவே வேண்டாம். முட்டைக்குள் குஞ்சு வளர ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் சூடு போதும், அதைக் கோழியே பார்த்துக்கொள்ளும். இந்தச் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே அதைவிடச் சூடு ஏறிவிடும், கோழி வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு எழுந்து போய்விடும், முட்டை வெந்த மாதிரிதான். பரணில் வெயில் தொல்லை இல்லை. ஆனால் பொரித்த குஞ்சு ஒவ்வொன்றாகக் கீழே விழும், திரும்ப ஏறத் தெரியாது. அதனால் மாமியாரிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கோழி தேர்ந்தெடுத்த இடமும் சரியில்லை. நிழல், மறைவு எல்லாம் பார்த்துத்தான் அது உட்கார்ந்திருக்கிறது, ஆனால் துவைக்கிற கல் என்றாலே பக்கத்தில் ஜலதாரை இருக்கும், ஜலதாரை இருந்தால் பெருச்சாளி இருக்கும். நம் பக்கத்தில் பூனை, நாயைவிட எனக்குப் பயம் இதுதான். கோழிக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது, பகலில் பூனையையே விரட்டுகிற கோழிகூட இருட்டில் முட்டையை இழுத்துக்கொண்டு போனாலும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். மண் தரையாக இருந்தால் பெருச்சாளி அடியிலிருந்தே தோண்டிக்கொண்டு வரும்.

ஆகவே சிமெண்ட் தரை, சாக்கடை ஓட்டை இல்லாத மூலை, லேசான இருட்டு. மாடிப்படிக்குக் கீழே உங்களுக்கென்று இடம் இருந்தால் அதுவே போதும். நாலு வீட்டுக்காரர்கள் செருப்பு விடுகிற பொது இடம் என்றால் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தே கோழியைக் கிளப்பிவிடுவார்கள். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக வைத்தால்கூடத் தப்பில்லை. நாற்றம் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். கூட்ஸ் ரயில் சத்தம், லாரி ஹாரன் இதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள், பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தானே.

தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை கழுவினாலும் மீன் வாடை போகாது, அந்த வாடை பூனையைக் கூப்பிடும், போதாததற்குக் கோழி தெர்மாகோலைக் கொத்தித் தின்னும். ஒன்றேகால் அடி அகலத்தில் பழைய மரப்பெட்டியோ வாய் அகன்ற மண்சட்டியோ எடுங்கள். அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், நடுவில் லேசாகக் குழித்து, மேலே வைக்கோல். செல்லுப்பூச்சி (கோழி உடம்பில் ஒட்டுகிற பொடிப் பூச்சி) ஏறாமல் இருக்க விறகுச் சாம்பலும் வேப்பிலையும் கொஞ்சம் போடலாம். ராத்திரி மூடுவதற்கு வெறும் பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை) போதாது, பெருச்சாளி மூங்கிலைக் கடித்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கம்பி வலையைச் சட்டம் அடித்துக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள்.

இடம் மாற்றுவது இருட்டிய பிறகுதான். முதலில் புது இடத்தில் இரண்டு மூன்று கூமுட்டையோ (பொரிக்காமல் கெட்டுப்போனது) பழைய முட்டையோ வைத்து, கோழியை இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்கிக் கொண்டுபோய் உட்கார வையுங்கள். இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், தூக்கும்போது விழுந்து உடையும். ஒரு நாள், இரண்டு நாள் அங்கேயே அமைதியாகப் படுத்துவிட்டால் அடுத்த இரவு நல்ல முட்டைகளை மொத்தமாக வைத்துவிடுங்கள். தினம் ஒன்றாக வைத்தால் பொரிப்பதும் தினம் ஒன்றாகத்தான், முதல் குஞ்சோடு கோழி எழுந்து போய்விடும். 14 வேண்டாம், 10 அல்லது 12 போதும், எல்லாம் அதன் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் பழசானதையும் ஃபிரிட்ஜில் இருந்ததையும் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் கூடாத முட்டை பொரிக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று உங்கள் மாமியார் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கூட வைக்கச் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன். ஆணி மட்டும் வேண்டாம், முட்டையைக் கீறும்.

தினம் ஒரு தடவை, கால் மணி நேரம் போலக் கோழி எழுந்து வர வழிவிடுங்கள். கம்பு, குருணை, தண்ணீர் எல்லாம் கூட்டுக்கு வெளியே. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், சிவப்பு நரம்பு ஓடினால் குஞ்சு இருக்கிறது, வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள், பிறகு வெடித்தால் வீடே தாங்காது. 18 நாளுக்கு மேல் கையே வைக்காதீர்கள். 21 நாளில் பொரிக்கும், ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

குஞ்சு வெளியே வந்த பிறகு காக்காயும் பருந்தும்தான் தலைவலி, அப்போது பஞ்சாரம் உதவும். அப்புறம், குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கச் சொட்டு மருந்து விட வேண்டும், பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். மருந்தைக் கரைத்தால் சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்பதால், தெருவில் இன்னும் யார் வீட்டில் குஞ்சு இருக்கிறது என்று விசாரித்து எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் போவது நல்லது.