அரசுப் பள்ளிக் கால்பந்து அணிக்குப் பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி: தருமபுரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறான். பெற்றோர்கள் பதினைந்து பேர் சேர்ந்து அணிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். ஜெர்சி வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை. வேறு என்ன செய்யலாம்?

பதில்:

ஜெர்சி கடைசியில் வரட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி அணிகள் கரைவது சீருடை இல்லாததால் அல்ல. ஜூன் மாதம் திரண்டு வரும் கூட்டம் ஆகஸ்டில் பாதியாகிவிடும். நின்றுபோன பிள்ளைகளின் ஊர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களாக இருக்கும். பயிற்சி முடியும்போது பஸ் போயிருக்கும், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும், வீட்டில் திட்டு விழும், பிள்ளை நின்றுவிடும். பள்ளியால் தீர்க்க முடியாத, பெற்றோரால் மட்டுமே தீர்க்க முடிகிற சிக்கல் இதுதான். அதனால் முதல் வேலையை இங்கே தொடங்குங்கள்.

ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், ஊர், கடைசியாக ஏறக்கூடிய பஸ்ஸின் நேரம், நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதை எழுதுங்கள். இருபது பிள்ளைகள் என்றால் பொதுவாக நாலைந்து வழித்தடங்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் பொறுப்பாக ஒரு பெற்றோர். அந்தத் தடத்தில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட வேண்டும். பயிற்சி முடியும் நேரத்தை பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள், பஸ் 6.20க்கு என்றால் விசில் 6 மணிக்கு. பி.டி. சாரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். பஸ்ஸே இல்லாத தடத்துக்கு ஷேர் ஆட்டோ பேசி மாதக் கணக்கில் பணம் கொடுங்கள். நீங்கள் திரட்டும் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். ஒரே பைக்கில் மூன்று பிள்ளைகளை ஏற்றி அனுப்புவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் அணியும் இருந்தால் மைதானத்தில் முறை வைத்து ஒரு அம்மா இருப்பது பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும். உடை பற்றியும் பல வீடுகளில் தயக்கம் உண்டு. கால்சட்டைக்கு உள்ளே அதே நிறத்தில் முழுக்கால் லெக்கின்ஸ் போட விதி அனுமதிக்கிறது. தலையை மூடும் துணிக்கும் 2014 முதல் அனுமதி உண்டு. இதைச் சொன்னாலே சில அப்பாக்கள் சரி என்பார்கள்.

அடுத்தது மைதானம். நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். ஓரமெல்லாம் வேலிக்காத்தான், மழை பெய்தால் நடுவில் நெருஞ்சி. பந்து பஞ்சராவதற்கும் பிள்ளைகள் கால் கிழிவதற்கும் இவை இரண்டுமே காரணம். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பத்துப் பேர் மண்வெட்டி, கடப்பாரை, கூடையோடு போனால் போதும். எல்லைக்கோட்டிலிருந்து மூன்று மீட்டர் வெளியே வரை கல், கண்ணாடிச் சில்லு, முள் எதுவும் இருக்கக் கூடாது. வேலிக்காத்தானை வெட்டிப் போட்டால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். நெருஞ்சியைக் காய் வைக்கும் முன் பிடுங்கினால்தான் பயன். காய் உதிர்ந்த பிறகு பிடுங்குவது வீண் வேலை.

கோடு போடச் சுண்ணாம்பைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு காரம் மிகுந்தது. வியர்த்த தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. வெள்ளைக் கோலமாவு போதும். 100 மீட்டருக்கு 64 மீட்டர் மைதானத்தில் எல்லாக் கோடுகளும் சேர்ந்து ஏறக்குறைய 695 மீட்டர் வரும். மீட்டருக்கு 100 கிராம் தூவினால் 70 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

கோல் கம்பத்தைக் கட்டாயம் ஆட்டிப் பாருங்கள். கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர் என்பது முழு அளவு. அந்த அளவு இரும்புக் குழாய்ச் சட்டம் கவிழ்ந்தால் பிள்ளை தாங்காது. தரையில் கான்கிரீட் போட்டு நட்டதாக இருக்க வேண்டும். நகர்த்தும் வகை என்றால் பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகள் வைத்து, இரும்பு முளையும் அடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் குறுக்குச் சட்டத்தில் தொங்குவதை நிறுத்துங்கள். வலையைக் கம்பிக் கொக்கியில் மாட்டாமல் பிளாஸ்டிக் டையால் கட்டுங்கள், கொக்கியில் கோல்கீப்பரின் விரல் மாட்டும்.

பந்து வாங்குவதாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று என்பது கணக்கு. இருபது பேருக்கு ஒரே பந்து வைத்துப் பயிற்சி செய்தால் ஒரு பிள்ளையின் காலில் பந்து படும் நேரம் சில நிமிடம்தான், மீதி நேரம் வரிசையில் நிற்பான். எட்டாம் வகுப்புக்கு மேல் 5ஆம் எண் பந்து: சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். சரளைத் தரையில் கையால் தைத்த பந்தின் தையல் சீக்கிரம் தேய்ந்து பிரியும். தினப் பயிற்சிக்கு ரப்பர் மோல்டட் பந்து எட்டு, போட்டிக்கு முன் பழக நல்ல தையல் பந்து இரண்டு என்று வாங்கினால் காசு வீணாகாது. பம்பு ஊசியை நனைக்காமல் சொருகினால் வால்வு கிழியும். பந்துப் பையை வெயிலில் போடாதீர்கள், உள்ளே காற்று விரிந்து பந்து உருவம் கெடும்.

ஷூவில்தான் பெற்றோர் அதிகம் தவறு செய்கிறார்கள். டிவியில் பார்க்கிற நீளமான ஸ்டட் (ஷூவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) புல் தரைக்கானது. நம் இறுகிய செம்மண்ணில் அது இறங்காது, உடம்பின் கனமெல்லாம் நாலைந்து புள்ளிகளில் விழும். குதிகால் வலி வரும், கணுக்கால் பிசகும். அடிப்பகுதி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும் டர்ஃப் ஷூ என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் வரட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கொப்புளம் வரும், நகம் கறுக்கும். விளையாடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சாயங்கால நேரத்தில் அளவு பாருங்கள், பெருவிரல் முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் சரி. வளரும் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் ஷூ சிறிதாகிவிடும் என்பதால், கழித்த ஷூக்களை அணிக்கே திருப்பிக் கொடுக்கும் ஒரு பெட்டி வைத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும். ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் தட்டு) விதிப்படி கட்டாயம், பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள். கையில் கட்டிய கயிறு, காப்பு, கம்மல், செயின், கொலுசு எல்லாவற்றையும் போட்டிக்குமுன் கழற்ற வேண்டும். டேப் ஒட்டி மறைத்தாலும் நடுவர் ஏற்க மாட்டார். கோயில் கயிற்றைக் கழற்ற மனமில்லாத வீடுகளில் இதை முன்பே பேசிவிடுவது நல்லது, மைதான ஓரத்தில் பிள்ளை அழுதுகொண்டு நிற்க வேண்டியிருக்காது.

தண்ணீர் கணக்கு எளிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 250 மில்லி என்றால், ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். இருபது பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன். வெயில் காலத்தில் இரண்டு. ஆனால் எந்தத் தண்ணீர் என்பது நம் இரண்டு மாவட்டங்களிலும் முக்கியம். பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். விளையாடும் பிள்ளை மற்றவர்களைவிட அதிகம் குடிக்கிறான் என்பதால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ சுத்திகரித்த தண்ணீரையோ கொடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்குள் பயிற்சியை முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை குழம்பிப் பேசினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் உடனே நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், புரோட்டீன் பவுடர் தேவையே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விழுகிறது, அதை நிரப்பினால் போதும். பள்ளி விட்டதும் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை அல்லது இரண்டு கடலை மிட்டாய். போண்டா, பப்ஸ் வேண்டாம், எண்ணெய் செரிக்க நேரமாகும். நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வளரும் எலும்புக்கு நல்லது. ஆனால் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு களி சாப்பிட்டால் வயிறு கனக்கும். மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். ராத்திரி முட்டை, பருப்பு, பிறகு குறைந்தது எட்டு மணி நேரத் தூக்கம்.

முதலுதவிப் பையில் கிரேப் பேண்டேஜ் இரண்டு, காஸ் துணி, பேண்ட் எய்ட், கிருமிநாசினி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, கையுறை, கத்தரி இருக்கட்டும். ஐஸ் பக்கத்து டீக்கடையிலோ ஜூஸ் கடையிலோ கிடைக்கும், அந்தக் கடைக்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள். கணுக்கால் பிசகினால் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவுவது, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வீக்கத்தைக் கூட்டும். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே வேறு எதுவும். நேராக எலும்புக் கட்டு வைத்தியரிடம் ஓடி, முறிவு இருக்கும் காலை இழுத்து நீவிவிட்டால் காலத்துக்கும் கோணலாகிவிடும். தலையில் அடிபட்ட பிள்ளை தலைவலி, மயக்கம், வாந்தி, மறதி என்று எதைச் சொன்னாலும் அன்றைக்கு மறுபடி இறங்கவே கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். சரளையில் விழுந்து சிராய்ப்பது சகஜம் என்பதால் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசி போட்டாயிற்றா என்று சரிபாருங்கள். வீசிங் இருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் வீட்டில் இருந்தால் பயனில்லை, பையில் இருக்க வேண்டும்.

போட்டி நாளில் கோட்டுக்கு வெளியே நின்று "அடிடா, அடிடா" என்று கத்தாதீர்கள். பாஸ் கொடுக்கப் பி.டி. சார் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு சத்தம் அழித்துவிடும், பிள்ளை பயத்தில் பந்தை எங்கோ உதைத்துவிடுவான். பெயரைச் சொல்லிக் கைதட்டுங்கள், எதிர் அணிக்கும் தட்டுங்கள். "என் பையனை ஏன் இறக்கவில்லை" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, "அவன் எதில் தேற வேண்டும் சார்" என்று தனியாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

பணத்தைப் பி.டி. சார் கையில் கொடுக்காதீர்கள், அவருக்குத்தான் சங்கடம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே ரசீது போட்டுக் கொடுங்கள். சமக்ர சிக்ஷா என்ற அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டு நிதி உண்டு. அது வந்ததா, எதற்குச் செலவானது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மரியாதையாகக் கேட்கலாம், கால்பந்துக்கு ஒரு பங்கு என்று தீர்மானமும் போடலாம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்ற கோரிக்கைக்கும் அதுவே இடம். கம்பம், வேலி போன்ற பெரிய செலவுக்கு ஓசூர் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் அரசுத் திட்டமான 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாகத் தலைமை ஆசிரியர் மூலம் கேட்கலாம்.

இன்னொன்று, ஆவணங்கள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போகும் பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிந்திருக்கும். முதலமைச்சர் கோப்பைக்குத் தனியாக ஆன்லைனில் பதிய வேண்டும். பிறந்த தேதிச் சிக்கலால் முழு அணியே தகுதி இழக்கும் நிலை வரக்கூடும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவு) மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஜூன் மாதமே பாருங்கள். ஆதாரில் திருத்தம் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம். போனஃபைடு (இந்தப் பள்ளியில் படிக்கிறான் என்ற சான்றிதழ்), ஆறு புகைப்படம், ரத்த வகை, உங்கள் சம்மதக் கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வென்றாலும் தோற்றாலும் பங்கேற்புச் சான்றிதழை அன்றைக்கே வாங்குங்கள், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதுதான் கேட்பார்கள். லேமினேட் செய்ய வேண்டாம், முத்திரையைச் சரிபார்க்க முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.