லேப்டாப்பில் லினக்ஸ் முரண்டு பிடித்தால்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே லேப்டாப் வன்பொருளையும், அதை இயக்கும் நிரலான டிரைவரையும் பற்றியவை. பதில்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோருக்கானவை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பின் மாடல் எண் எங்களுக்கு அவ்வளவாக உதவாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான வைஃபை கார்டுகள் வருகின்றன. டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று தட்டினால் ஒவ்வொரு சிப்பின் பெயரும், அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியும் வரும் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. வரி இருந்தும் சாதனம் வேலை செய்யவில்லை என்றால் சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரிலோ அமைப்பிலோதான் கோளாறு. இந்த வரிகளைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒட்டிக்கொண்டே போவதால்தான் பலர் கடைசியில் லினக்ஸையே மறுபடி நிறுவுகிறார்கள். அப்போதும் கோளாறு அப்படியே இருக்கிறது.

கேள்வி: ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வைஃபை கிடைக்கிறது. அடுத்த அறைக்குப் போனால் பெயரே மறைந்துவிடுகிறது. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. சிப்: ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. (வாசகர், தஞ்சாவூர்)

சிப்பின் பெயரை எழுதியதற்கு நன்றி. அதிலேயே பாதி பதில் இருக்கிறது. இந்தக் கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனைகள் உண்டு. பல லேப்டாப்களில் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆன்டெனா ஒயரைத்தான் மாட்டியிருப்பார்கள். எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்ற விவரம் கார்டுக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். அது தவறாகப் பதிவாகியிருந்தால், லினக்ஸ் டிரைவர் அதை நம்பி, ஒயரே இல்லாத முனையில் சிக்னலைத் தேடும்.

முதலில் சோதியுங்கள். ரவுட்டருக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை’ என்று தட்டுங்கள். ‘சிக்னல்’ என்ற பத்தியில் 80க்கு மேல் இருக்க வேண்டும். 30, 40 என்று காட்டினால் ஆன்டெனாதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ‘சுடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ’ என்று கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைக் கெர்னலிலிருந்து கழற்றுங்கள். பிறகு ‘சுடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=1’ என்று ஏற்றி, சிக்னலைப் பாருங்கள். மறுபடி கழற்றி, 1க்குப் பதில் 2 போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று தெரியும். நல்ல எண் எது என்று தெரிந்ததும் அதை நிலையாக எழுத வேண்டும்: ‘/இடிசி/மோட்ப்ரோப்.டி’ கோப்புறையில் ‘ஆர்டிஎல்8723பிஇ.கான்ஃப்’ என்ற கோப்பை உருவாக்கி, ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2’ என்று ஒரே வரி எழுதினால் போதும். (உங்களுக்கு 1 ஒத்துவந்தால் 1.) சிக்னல் நன்றாக இருந்தும் இணைப்பு அடிக்கடி அறுந்தால், அதே வரியின் முடிவில் ‘ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0’ என்று சேர்த்து, மின்சேமிப்பை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால் கார்டை மாற்றுவதே நல்லது. மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் சாதாரண எம்.2 வைஃபை ஸ்லாட்டில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பார்க்க அதே மாதிரி இருந்தாலும், வைஃபையின் ஒரு பகுதி இன்டெல் பிராசஸர் தளத்துக்குள்ளேயே இருக்கும் வகை. அதற்கென்று அமைந்த லேப்டாப்பில்தான் ஓடும். ஏஎம்டி லேப்டாப்பில் ஓடாது. கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை நிரல்), தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் துவங்கவே மறுக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டு நிறுவிய பிறகு வைஃபை என்ற பேச்சே இல்லை. ‘பிராட்காம் பிசிஎம்43142’ என்று காட்டுகிறது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது? (வாசகர், மதுரை)

போனை யுஎஸ்பி ஒயரால் இணைத்து, போனின் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் எந்த டிரைவரும் இல்லாமல் ஒயர் இணைப்பாகவே லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். பிறகு ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ செயலியைத் திறந்து, பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். இது மூல நிரல் முழுவதும் திறக்கப்படாத டிரைவர் என்பதால்தான் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கத்தில் நீலத்திரை ஒன்று சில விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’வைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். இதைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் கெர்னல் அதை ஏற்றாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தவறிவிட்டால் ‘சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/எம்ஓகே.டிஇஆர்’ என்று தட்டி (கடைசிக் கோப்பின் பெயரில் எம்ஓகே மூன்றும் பேரெழுத்து, டிஇஆர் சிற்றெழுத்து) மறுபடி துவக்கினால் அதே திரை வரும்.

கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு வைஃபை காணாமல் போனால் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். இந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். புதிய கெர்னலின் எண் பட்டியலில் இல்லையென்றால் அதற்கான ‘ஹெட்டர்ஸ்’ தொகுப்பு (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) நிறுவப்படவில்லை என்று பொருள். இன்னொன்று: இந்தச் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. போன் ஹாட்ஸ்பாட்டை 2.4க்கு மாற்றாவிட்டால் பட்டியலில் பெயரே வராது.

கேள்வி: மூடி வைத்துப் பையில் போட்டால் காலையில் லேப்டாப் கொதிக்கிறது, பேட்டரி காலி. (வாசகர், யாழ்ப்பாணம்)

‘கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்’ என்று தட்டுங்கள். ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ என்ற இரு சொற்கள் வந்து, முதலாவது சதுர அடைப்புக்குள் இருந்தால் உங்களுக்கு எளிய வழி உண்டு. முதலாவதில் பிராசஸர் சும்மா இருக்குமே தவிர முழுதாக அணையாது. இரண்டாவதில் ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும். ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பை (லினக்ஸைத் துவக்கும் ‘கிரப்’ நிரலின் அமைப்புக் கோப்பு) திறந்து, ‘கொயட் ஸ்பிளாஷ்’ இருக்கும் வரியில், மேற்கோள் குறிக்குள்ளேயே, ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்’ என்று சேருங்கள். சேமித்து, ‘சுடோ அப்டேட்-கிரப்’ கொடுத்து மறுதுவக்கம் செய்யுங்கள். பையில் போடும் முன் சில முறை தூங்கவிட்டு எழுப்பிப் பாருங்கள். சில லேப்டாப்கள் ‘டீப்’பிலிருந்து எழுவதே இல்லை.

‘எஸ்2ஐடில்’ மட்டுமே வந்தால், உற்பத்தியாளர் மற்றதைத் தரவில்லை. கெர்னலில் என்ன எழுதினாலும் வராது. சில திங்க்பேட்களின் பயாஸில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற இடத்தில் ‘லினக்ஸ்’ என்ற தேர்வு உண்டு, அதைப் பாருங்கள். இல்லையென்றால் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று தேட வேண்டும். இன்டெல் லேப்டாப்பில், தூங்கி எழுந்ததும் ‘சுடோ கேட் /சிஸ்/கெர்னல்/டீபக்/பிஎம்சி_கோர்/எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யுசெக்’ பாருங்கள். எண் 0 என்றால் ஆழ்ந்த நிலைக்கு அது போகவே இல்லை. வயர்லெஸ் மவுஸின் யுஎஸ்பி துண்டு, மெமரி கார்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பயாஸ் புதுப்பிப்பு வந்திருந்தால் அதையும் போடுங்கள். ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) செய்யலாமே என்று தோன்றும். அதற்கு ரேம் அளவுக்காவது ஸ்வாப் இடம் (வட்டில் அதற்கென ஒதுக்கிய இடம்) வேண்டும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் உபுண்டுவின் கெர்னல் அதை அனுமதிக்காது.

கேள்வி: நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை. விண்டோஸ் 11 அதில்தான் இருக்கிறது. (வாசகர், கோவை)

பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (வட்டுகளை இன்டெல் தன் வழியில் கையாளும் முறைகள்) இயக்கத்தில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் (விஎம்டி என்றால் அணைத்தால்) தெரியும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் துவங்காது. இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) மீட்புச் சாவியை, 48 இலக்கம், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. விண்டோஸில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து ‘பூட்’ பகுதியில் ‘சேஃப் பூட்’டைத் தேர்ந்தெடுங்கள். மறுதுவக்கத்தின்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் துவங்கித் தனக்கு வேண்டிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அங்கே பின் எண் ஏற்கப்படாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கட்டும். பிறகு ‘சேஃப் பூட்’டை நீக்கிவிட்டு மறுதுவக்கம். ஆப்டேன் மெமரி (வட்டை வேகப்படுத்தும் இன்டெல் நினைவகம்) உள்ள லேப்டாப் என்றால் எல்லாவற்றுக்கும் முன் அதை விண்டோஸிலேயே முடக்க வேண்டும். சில ஏசர் லேப்டாப்களில் விஎம்டி தேர்வு மறைந்திருக்கும். பயாஸின் ‘மெயின்’ பக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

கேள்வி: என்விடியா கார்டு உள்ள லேப்டாப். நிறுவியதும் கறுப்புத் திரை. (வாசகர், சேலம்)

துவக்கத்தில் வரும் கிரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். மங்கலாகவாவது திரை வரும். உள்ளே போய் ‘சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ கொடுங்கள். என்விடியா தளத்திலிருந்து இறக்கும் கோப்பால் நிறுவாதீர்கள். கெர்னல் மாறும்போது அது உடையும். ‘நோமோட்செட்’டை நிலையாகவும் வைக்காதீர்கள், அது திரை முடுக்கத்தையே அணைத்துவிடும்.

கேள்வி: வெளிச்ச விசையை அழுத்தினால் திரையில் பட்டை நகர்கிறது, வெளிச்சம் மாறவில்லை. (வாசகர், திருச்சி)

‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ இருக்கும் வரியில், மேற்கோள் குறிக்குள், ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ சேர்த்து, ‘சுடோ அப்டேட்-கிரப்’ கொடுத்து, மறுதுவக்கம் செய்து பாருங்கள். பயனில்லை என்றால் ‘நேட்டிவ்’வுக்குப் பதில் ‘வெண்டர்’. ஒரே நேரத்தில் இரண்டையும் எழுத வேண்டாம்.