சார்ஜ் ஏறாத கார்: ஆல்டர்னேட்டர் கேள்வி பதில்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போச்சா, இன்ஜின் ஓடும்போது அதற்கு சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போச்சா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி டெர்மினலில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தாவது ஸ்டார்ட் செய்து, ஜம்ப் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, 2,000 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு டயோடு (உள்ளே ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பாகம்) போன ஆல்டர்னேட்டர்கூட லோடு இல்லாதபோது 14 காட்டி ஏமாற்றும்.

வண்டி ஓடும்போதே 12.2 தான் காட்டுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா சார்?

பொறுங்கள். முதலில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட். வழவழப்பாகப் பளபளத்தாலோ, லோடு ஏறும்போது கீச்சென்று கத்தினாலோ அது வழுக்குகிறது. பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள்.

அடுத்து வயர். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற சோதனை இதுதான். இன்ஜின் ஓட, லைட்டுகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் வரும் பி பிளஸ் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் வையுங்கள். கிளாம்ப்பில் வேண்டாம், கம்பத்திலேயே வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் வயர் நல்ல வயர். 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் நடுவில் எங்கோ துரு, தளர்ந்த நட், கருகிய லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்). மீட்டர் 12, 14 என்று முழு வோல்ட்டைக் காட்டினால் மெயின் ஃபியூஸோ ஃபியூசிபிள் லிங்கோ (ஃபியூஸ் போல உருகும் வயர்) போயிருக்கிறது. இதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே அளந்தால் எர்த் தெரிந்துவிடும். அங்கேயும் 0.2-க்குள் இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்து, பி பிளஸ் போல்ட்டிலேயே 12.2 தான் வருகிறது என்றால் ஆல்டர்னேட்டர் பிளக்கில் வரும் சின்ன வயர்களையும் பார்த்துவிடுங்கள். அவையும் சரி என்றால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்.

அண்ணா, சாவி போட்டால் டேஷ்போர்டில் பேட்டரி லைட்டே எரிவதில்லை. ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்த பிறகுதான் சார்ஜ் ஆகிறது.

பழைய வகை வண்டிகளில் அந்த லைட் வழியாகத்தான் ரோட்டருக்கு (ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் மின்காந்தம்) முதல் கரண்ட் போகும். பல்பு போனாலோ வயர் அறுந்தாலோ ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது. வேகம் கூடும்போது ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்துத் தானே எழும். சாவி போட்ட நிலையில் ஆல்டர்னேட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த லைட் வயரை எர்த்தில் தொடுங்கள். லைட் எரிந்தால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்: பிரஷ் (ரோட்டருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டு) அல்லது ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்). எரியாவிட்டால் பல்பு அல்லது வயர். சார்ஜை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டிகளில் இந்தச் சோதனை வேண்டாம்.

புது வண்டியில் ஒரு நேரம் 12.7, ஒரு நேரம் 14.8 காட்டுகிறது. பழுதா?

பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் சின்ன சென்சார் இருந்தால் பயப்பட வேண்டாம். அது அளப்பதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டர் தேவைக்கேற்ப சார்ஜை ஏற்றி இறக்கும். ஹெட்லைட் போட்டு அளந்தால் பெரும்பாலும் நிலையாக நிற்கும்.

சார்ஜ் நன்றாக ஏறுகிறது, ஆனால் ஒரே இரவில் பேட்டரி இறங்கிவிடுகிறது.

டயோடு கசியலாம். ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பி பிளஸ்ஸில் அளக்கவும். 0.1-க்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் டயோடு கோளாறுதான். பிறகு வண்டியை அணைத்து, பூட்டி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரைத் தொடராக (சீரிஸில்) இணைத்து ஆம்பியர் பாருங்கள். 50 மில்லிஆம்ப் வரை சகஜம். அதற்கு மேல் போனால், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு பி பிளஸ் வயரை எடுத்து இன்சுலேஷன் சுற்றி, மறுபடி அளக்கவும். இறங்கினால் ஆல்டர்னேட்டர் டயோடு. இறங்காவிட்டால் ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேட வேண்டியதுதான். மீட்டர் தொடராக இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தால் தெரியாதா?

கூடவே கூடாது. அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி டயோடு, ரெகுலேட்டர், ஈசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்) எதையும் எரிக்கலாம்.

15.6 காட்டுகிறது, பேட்டரி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது.

ஓவர்சார்ஜ். ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது பேட்டரி வோல்ட்டேஜைப் பார்க்கும் சென்ஸ் வயர் அறுந்திருக்கலாம். சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம்; பேட்டரி பக்கத்தில் தீப்பொறியும் வேண்டாம்.

பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

பல நேரம் போதும். பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பல மாடல்களில் ரெகுலேட்டரோடு சேர்ந்தே வரும். பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும். பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதையும் மாற்றிவிடலாம். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றாமல் பி பிளஸ் நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். வண்டி அணைந்திருந்தாலும் அதில் கரண்ட் உண்டு.